படைக்கு ஏற்ற இலகு இயந்திரத் துப்பாக்கி



வண்டி மாடு வாங்கச் செல்லும் கமக்காரன் மாட்டின் கொம்பழகை மட்டும் பார்த்துக் கைப்பணத்தைக் கொடுத்துவிடுவதில்லை. பல்லைப் பிடித்துப் பார்ப்பான், சுழி பார்ப்பான், நடக்கவிட்டுக் குளம்பைப் பார்ப்பான், ஈற்றில், பாரமேற்றிய வண்டியிலே பூட்டி மணலிலும் மேட்டிலும் இழுக்கவிட்டுப் பார்ப்பான். தவறான மாட்டை வாங்கினால் அதன் பலனை அநுபவிக்க வேண்டியவன் அவனே என்பது அவனுக்குத் தெரியும்.

ஓர் அரசாங்கம் தன் படைக்கு ஆயுதம் வாங்கும்போது நிலைமை வேறு. தேர்ந்தெடுப்பவர் ஒருவர், பலனை அநுபவிப்பவர் மற்றொருவர். மேசையருகே இருந்து கையொப்பமிட்டவர் செய்த பிழைக்கு, பல ஆண்டுகளின் பின்னர், எங்கோ ஒரு சேற்றுக் குழியிலே படுத்திருக்கும் இருபது வயது இளைஞன் தன் உயிரை விலையாகக் கொடுக்க நேரிடும். ஆகவேதான் படைக்கருவியைத் தேர்ந்தெடுத்தல் என்பது வெறும் கொள்முதல் அன்று. அது பெரும் பொறுப்பு. இப்பொறுப்பு எவ்வாறு நிறைவேற்றப்படுகின்றது என்பதை ஓர் உதாரணத்தைக் கொண்டு விளக்கலாம் எனக் கருதுகின்றேன். இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்திலே பிரித்தானியத் தரைப்படை தனக்கு ஓர் இலகு இயந்திரத் துப்பாக்கியைத் தேடியது. பதினைந்து ஆண்டுகள் நீடித்த அத்தேடலின் முடிவிலே கிடைத்ததுதான் பிரென் எனப்படும் துப்பாக்கி.

இலகு இயந்திரத் துப்பாக்கி என்பது யாது? விசையை அழுத்திப் பிடித்திருக்கும்வரை, ரவைகள் தீருமட்டும், தொடர்ந்து சுடுவது இயந்திரத் துப்பாக்கி. முதலாம் உலகப் போரிலே பிரித்தானியப் படையினர் கையாண்ட விக்கர்ஸ் துப்பாக்கி இவ்வகையைச் சேர்ந்தது. 1912 இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட அத்துப்பாக்கியின் குழலைச் சுற்றித் தண்ணீர் நிரப்பிய உறை ஒன்று இருந்தது. அதைத் தாங்கும் முக்காலி மட்டுமே ஏறக்குறைய 50 இறாத்தல் நிறையுடையது. அதனைச் சுமக்கவும், இயக்கவும், ரவையும் நீரும் கொண்டுவரவும் ஆறு பேர் வேண்டியிருந்தனர். ஓரிடத்தில் நிலைத்திருந்து காவல் புரிவதற்கு அதனைப் போன்ற கருவி இல்லை. ஆனால் முன்னேறிச் செல்லும் காலாட்படையோடு அது கூடவே ஓடமுடியாது. இக்குறையை நீக்கவே, ஒருவனாற் சுமக்கத்தக்க, இருவரோ மூவரோ இயக்கத்தக்க, நிலத்திலே படுத்தவாறு சுடத்தக்க இலகு இயந்திரத் துப்பாக்கி தோன்றிற்று. அது எதிரியின் தலையை நிமிரவிடாது தடுத்துக்கொண்டிருக்க, அந்த இடைவெளியிலே ஏனைய வீரர் முன்னேறுவர். ஒரு சிறு குழுவினரின் உயிர் பெரும்பாலும் அந்த ஒரு துப்பாக்கியையே நம்பியிருக்கும்.

இத்தகைய கருவியைத் தேர்ந்தெடுக்க முற்படுவோர் முதலிற் காண்பது, தாம் விரும்பும் குணங்கள் ஒன்றோடொன்று பகைமை கொண்டவை என்பதையே. துப்பாக்கி இலேசாயிருக்க வேண்டும் என்பர். ஆயின் மிக இலேசான துப்பாக்கி சுடும்போது துள்ளும், குறி தவறும். நெடுநேரம் சுடவேண்டும் என்பர். ஆயின் நெடுநேரம் சுட்டால் குழல் நெருப்பாகக் காயும். அதைக் குளிர்விக்கத் தண்ணீரைச் சுமந்தால் துப்பாக்கி இலகுவானது என்னும் பெயரை இழந்துவிடும். விரைவாகச் சுடவேண்டும் என்பர். ஆயின் சுடும் வேகம் இரட்டித்தால் சுமக்கவேண்டிய ரவையும் இரட்டிக்கும். நுட்பமாயிருக்க வேண்டும் என்பர்; ஆயின் நுட்பமான உறுப்புகளுக்கு மணலும் சேறும் நஞ்சு. எனவே, எல்லா வகையிலும் சிறந்த துப்பாக்கி என ஒன்று இல்லை. எதை விட்டுக்கொடுப்பது, எதை விட்டுக்கொடாதிருப்பது என்பதே தேர்வின் சாரம்.

விட்டுக்கொடுக்கக் கூடாததை விட்டுக்கொடுத்தோர் பட்ட பாட்டினை மூன்று உதாரணங்களால் அறியலாம்.

முதலாம் உலகப் போரின்போது பிரான்சு நாடு சோஷா என்னும் துப்பாக்கியை 1915 இல் மேற்கொண்டது. அது இலேசானது, விலை மலிவானது, ஒரு சைக்கிள் தொழிற்சாலையிலேகூடச் செய்யத்தக்கது. இரண்டரை இலட்சத்துக்கு மேல் அதனை உற்பத்தி செய்தனர். ஆயின் பிறைவடிவான அதன் ரவைக்கூட்டின் ஒரு பக்கம் திறந்திருந்தது. உள்ளே எத்தனை ரவைகள் மிஞ்சியுள்ளன என்று பார்ப்பதற்காக வைத்த அத்திறப்பு, சேறு புகும் வாயிலாயிற்று. போர் நிகழ்ந்த களமோ சேறே உருவானது. சோதனைக் களத்திலே வசதியாகத் தோன்றிய ஒன்று போர்க்களத்திலே வினையாக முடிந்தது.

அடுத்தது, இத்தாலியரின் பிரெடா 30 என்னும் துப்பாக்கி. அதன் ரவைக்கூட்டைக் கழற்றி மாற்ற இயலாது. கீல் பொருத்தி, வலப்புறத்திலே நிலையாக இணைத்திருந்தனர். இருபது ரவைகள் தீர்ந்ததும் அதனைத் திறந்து, புதிய ரவைகளைத் தள்ளி நிரப்பி, மீண்டும் மூட வேண்டும். அந்த ஒரே கூடு நசுங்கிவிட்டாற் கருவி முழுவதுமே பயனற்றதாகும். மேலும், வெடித்த ரவையின் உறை இலகுவாக வெளியேறுவதற்காக, ஒவ்வொரு ரவைக்கும் எண்ணெய் பூசும் பொறி ஒன்று அதனுள் இருந்தது. வட ஆபிரிக்கப் பாலைவனத்திலே எண்ணெயும் மணற்றூசியும் ஒன்று சேர்ந்தால் என்ன விளையும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, யப்பானியர் 1922 இல் மேற்கொண்ட 11 ஆம் வகைத் துப்பாக்கி. அதன் அடிப்படைக் கருத்து மிக அழகானது. சாதாரணத் துப்பாக்கி வீரனிடமுள்ள ஐந்து ரவைக் கோவைகளையே இயந்திரத் துப்பாக்கியிலும் இட முடியுமானால், தனி ரவைக்கூடே தேவையில்லையன்றோ? ஆகவே, ஆறு கோவைகள் கொள்ளும் பெட்டி ஒன்றைப் பக்கத்திலே பொருத்தினர். ஆயின் இதற்கும் எண்ணெய் வேண்டியிருந்தது. பெட்டியிலே தூசி படிந்தது. பக்கத்தில் ஏறிய பாரத்தாற் சமநிலை குன்றியது. 1936 இல் வந்த 96 ஆம் வகைத் துப்பாக்கியிலே அவர்கள் அப்பெட்டியைக் கைவிட்டு, மேற்புறம் செருகும் ரவைக்கூட்டையே கையாண்டனர். காகிதத்தில் எழிலாயிருக்கும் எண்ணம் களத்திலும் எழிலாயிருக்க வேண்டுமென்ற நியதி இல்லை.

இனி, பிரித்தானியரின் தேடலுக்கு வருவோம். முதலாம் உலகப் போரை அவர்கள் லூயிஸ் துப்பாக்கியோடு முடித்தனர். 28 இறாத்தல் நிறையுடைய அது, வட்டத் தட்டிலே 47 ரவைகளைத் தாங்கியது. நற்கருவிதான், ஆயின் பாரமானது, அடிக்கடி தடைப்படுவது, தடைப்படும் வகைகளும் பல. காய்ந்த குழலைக் களத்திலே மாற்றவும் வழியில்லை. 1922 இல் நடைபெற்ற சோதனைகளின் பின்னர், அமெரிக்கரான பிரவுணிங் வகுத்த தன்னியக்கத் துப்பாக்கி சிறந்ததெனக் கருதப்பட்டது. ஆயின் அக்காலத்திலே கருவூலத்திற் பணமில்லை. களஞ்சியத்திலோ லூயிஸ் துப்பாக்கிகள் நிறைந்து கிடந்தன. எனவே மாற்றம் பின்போடப்பட்டது. வறுமைக் காலத்திலே பழையதைப் பேணுதல் குற்றமன்று. ஆயின் அவர்கள் ஒரு நற்செயல் செய்தனர்: வாங்கப் பணமில்லாத காலத்திலும் சோதிப்பதை நிறுத்தவில்லை.

1930 ஆம் ஆண்டளவிலே களத்தில் முன்னணியில் நின்றது விக்கர்ஸ் பெர்தியே என்னும் துப்பாக்கி. பெர்தியே என்னும் பிரான்சுக்காரர் வகுத்த அதனைப் பிரித்தானிய நிறுவனமாகிய விக்கர்ஸ் உற்பத்தி செய்தது. உள்நாட்டுத் தொழிற்சாலை, உள்நாட்டுத் தொழிலாளர், பழகிய நிறுவனம் என அதற்குச் சார்பான நியாயங்கள் பல இருந்தன. அப்பொழுது பிராக் நகரிலிருந்த பிரித்தானியப் படைத்துறைப் பிரதிநிதி, செக்கோசிலவாக்கியரின் துப்பாக்கி ஒன்றைப் பற்றி இலண்டனுக்கு அறிவித்தார். பேர்ணோ நகரத் தொழிற்சாலையிலே வாக்லாவ் ஹோலெக் என்பவர் வகுத்த துப்பாக்கி அது. அதனையும் சோதனைக்கு வரவழைத்தனர். புதியதொரு சிறு நாட்டின் கருவி, சோதித்தோர் அனைவரையும் வியப்பில் ஆழ்த்தியது.

ஆயினும் ஒரு பெருந்தடை இருந்தது. செக் துப்பாக்கி, அடியில் விளிம்பு புடைத்திராத 7.92 மில்லிமீற்றர் ரவைக்காக வகுக்கப்பட்டது. பிரித்தானியரின் 0.303 அங்குல ரவையோ அடியில் விளிம்பு புடைத்தது. ஒரு ரவையின் விளிம்பு மற்றொன்றின் விளிம்புக்குப் பின்னே அகப்பட்டுக்கொண்டாற் கூட்டிலிருந்து வெளிவராது. மேலும், அந்த ரவையில் இட்ட கோடைற்று மருந்து எரிந்து விடும் கரி, வாயு செல்லும் துளையை அடைத்தது. தமது ரவையை மாற்ற அவர்களிடம் பணமுமில்லை, காலமுமில்லை. எனவே துப்பாக்கியையே மாற்றும்படி கேட்டனர். பேர்ணோ வல்லுநர் சலிக்காமல் ஒன்றன்பின் ஒன்றாகப் பல மாதிரிகளைச் செய்தனர். நேரான ரவைக்கூட்டை வளைத்து, முப்பது ரவைகள் கொள்ளுமாறு அமைத்தனர். வாயுத் துளையைக் குழலின் முன்பகுதியிலிருந்து பின்னோக்கி நகர்த்தினர். குழலைச் சுற்றியிருந்த குளிர்ப்பு வளையங்களை நீக்கினர். ஒவ்வொரு மாதிரியும் மறுபடியும் சுட்டுப் பார்க்கப்பட்டது; ஒவ்வொரு குறையும் எழுதப்பட்டது; எழுதப்பட்ட குறை அடுத்த மாதிரியிலே திருத்தப்பட்டது.

முடிவிலே உள்நாட்டுக் கருவி தோற்றது. அயல்நாட்டுக் கருவி வென்றது. 1935 மே மாதத்தில் உற்பத்தி உரிமை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1937 இல் என்பீல்ட் அரச தொழிற்சாலையிலே முதற்றுப்பாக்கிகள் உருவாயின. பேர்ணோ என்பதன் முதலிரண்டு எழுத்துகளையும், என்பீல்ட் என்பதன் முதலிரண்டு எழுத்துகளையும் ஆங்கில முறைப்படி இணைத்துப் பிரென் எனப் பெயரிட்டனர். பிறந்த ஊரையும் வளர்ந்த ஊரையும் ஒருங்கே சுட்டும் பெயர் அது. இந்தியப் படை மட்டும் 1933 இலேயே விக்கர்ஸ் பெர்தியேயை மேற்கொண்டிருந்தது; அதுவும் குறைந்த கருவியன்று. ஆயினும் சோதனை முடிவையே மேலாகக் கொண்டு, சொந்த நாட்டுப் பெருமையை ஒதுக்கி வைத்தமை பாராட்டுக்குரியது. போர் தொடங்கியது 1939 செப்தெம்பரில். முதற்றுப்பாக்கி உருவானது அதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன்னர் என்பதை எண்ணும்போது, காலம் எவ்வளவு குறுகலாக இருந்தது என்பது புலனாகும்.

பிரென் துப்பாக்கியின் சிறப்பு யாது? அதன் ஒவ்வோர் உறுப்பும் களைத்துப்போன, அஞ்சிய, கை நடுங்கும் ஒரு மனிதனை மனத்திற்கொண்டு அமைந்ததே. அதன் நிறை ஏறக்குறைய 22 இறாத்தல். நிமிடத்துக்கு 500 ரவைகள் என்னும் வேகத்திற் சுடும். ரவைக்கூடு மேற்புறத்தில் நிற்பதால், சுடுபவன் நிலத்தோடு ஒட்டிப் படுக்கலாம். அருகிற் படுத்திருக்கும் துணைவன் தீர்ந்த கூட்டை எடுத்துப் புதியதைச் செருகலாம். கூடு பார்வையை மறைக்குமாதலாற் குறிபார்க்கும் உறுப்புகளை இடப்புறம் தள்ளி அமைத்தனர். விரைந்து சுடும்போது நிமிடத்துக்கு நான்கு கூடுகள் என்பது கணக்கு. பத்துக் கூடுகள் சுட்டபின் குழலை மாற்றவேண்டும். அக்குழலிலேயே கைபிடி ஒன்று உண்டு. பூட்டைத் திருப்பி, கைபிடியைப் பற்றிச் சூடான குழலை அகற்றி, மாற்றுக்குழலை இடுதல் சில விநாடிகளில் முடியும் வேலை. கைபிடியின்றி, உறையணிந்த கையாற் குழலைப் பற்றவேண்டியிருந்த பிரெடாவோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்க.

இன்னொரு நுட்பம் அதன் வாயுச் சீராக்கி. வெடிமருந்து எரிந்து எழும் வாயுவில் ஒரு பகுதியே துப்பாக்கியை இயக்குகின்றது. அவ்வாயு செல்ல, அளவில் வேறுபட்ட நான்கு துளைகளை வைத்தனர். கரியோ தூசியோ படிந்து கருவி மந்தமானால், வீரன் சற்றுப் பெரிய துளைக்குத் திருப்பிவிட்டுத் தொடர்ந்து சுடலாம். கருவி அழுக்கடையும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு வகுத்த ஏற்பாடு இது. தன் கருவி ஒருபோதும் பழுதுபடாது என்று கூறும் வல்லுநனைக் காட்டிலும், பழுதுபட்டால் என்ன செய்வதென்று காட்டும் வல்லுநனே நம்பத்தக்கவன்.

துப்பாக்கி மாறியதோடு படைவீரனின் உடையும் மாறிற்று. 1937 இல் மேற்கொள்ளப்பட்ட இடுப்புப் பட்டியின் பைகள் பிரென் ரவைக்கூடுகள் அடங்கத்தக்க அளவிலே தைக்கப்பட்டன. சாதாரணத் துப்பாக்கி தாங்கிய ஒவ்வொரு வீரனும் பிரென்னுக்கு உரிய கூடுகளையும் சுமந்தான். துப்பாக்கியை ஒருவன் சுமந்தாலும் அதன் உணவைக் குழு முழுவதும் சுமந்தது. கருவியைத் தேர்ந்தெடுப்பதென்பது, அது சார்ந்த பயிற்சி, பை, ரவை, உதிரியுறுப்பு, குழு ஒழுங்கு எல்லாவற்றையும் தேர்ந்தெடுப்பதாகும்.

இனி மறுபக்கத்தையும் பார்த்தல் நீதி. அதே காலத்திலே ஜேர்மனியர் வேறு வழியை நாடினர். அவர்களின் 34 ஆம் இலக்கத் துப்பாக்கியும், பின்னர் வந்த 42 ஆம் இலக்கத் துப்பாக்கியும் கூட்டினால் அன்றி நீண்ட ரவைப்பட்டியால் ஊட்டப்பட்டன. பின்னையது நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,200 ரவைகளைச் சுடவல்லது. கூடு மாற்றி மாற்றிச் சுடும் பிரென் அவ்வேகத்தோடு போட்டியிட முடியாது. அப்படியாயின் பிரித்தானியர் தவறாகத் தேர்ந்தனரா? ஜேர்மனியக் குழுவிலே இயந்திரத் துப்பாக்கியே மையம். ஏனையோர் அதற்கு ரவை சுமந்து காவல் புரிந்தனர். பிரித்தானியக் குழுவிலே துப்பாக்கி முன்னேறுவோருக்குத் துணையாக நின்றது. இரண்டு படைகளும் வெவ்வேறு வினாக்களைக் கேட்டன. வெவ்வேறு விடைகளைப் பெற்றன. தன் படை எவ்வாறு போரிடும் என்பதை முதலிலே தீர்மானியாது துப்பாக்கியைத் தீர்மானிப்பவன், காலை அளக்காது செருப்பு வாங்குபவனை ஒப்பான்.

1940 இல் டன்கேர்க் கரையிலிருந்து பின்வாங்கியபோது, பிரித்தானியர் தம்மிடமிருந்த பிரென்களிற் பெரும்பாலானவற்றை இழந்தனர். அப்போது மற்றொரு படிப்பினை வெளிப்பட்டது. நல்ல கருவியைத் தேர்ந்தாற் போதாது. இழந்ததை விரைவில் ஈடுசெய்யவும் வழி வேண்டும். கனடாவில் ரொறன்ரோ நகரிலும் அவுஸ்திரேலியாவில் லித்கோவிலும் இருந்த தொழிற்சாலைகள் துணைநின்றன. செய்முறையை எளிதாக்கிய இரண்டாம் மாதிரியும் வந்தது.

பிரென் துப்பாக்கி இலங்கையர் வரலாற்றிலும் ஒரு துயர இரவோடு பிணைந்துள்ளது. 1942 மே மாதத்திலே கொக்கோஸ் தீவுகளில் நிறுத்தப்பட்டிருந்த இலங்கைப் பீரங்கிப் படையினர் சிலர், கிரேஷன் பெர்னாண்டோவின் தலைமையில், தம் அதிகாரிகளுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். அவ்வேளையிலே கிளர்ச்சியாளரிடமிருந்த பிரென் துப்பாக்கி தடைப்பட்டது, கிளர்ச்சியும் தோல்வியுற்றது. ஆகஸ்ட் மாதத்திலே வெலிக்கடைச் சிறையில் மூவர் தூக்கிலிடப்பட்டனர். எத்துணைப் புகழ்பெற்ற கருவியும் ஓர் இரவிலே தடைப்படக்கூடும் என்பதற்கும், அத்தடையால் மனிதரின் விதி மாறிவிடக்கூடும் என்பதற்கும் அது சான்று.

போருக்குப் பின்னர், விளிம்பற்ற 7.62 மில்லிமீற்றர் ரவைக்கு ஏற்பத் திருத்தப்பட்டு, பிரென் 1990கள் வரை பிரித்தானியப் படையில் நிலைத்திருந்தது. ஆயின் 1980களின் நடுப்பகுதியிலே அப்படை மேற்கொண்ட புதிய இலகு ஆதரவுத் துப்பாக்கி, மாற்றத்தக்க குழல் அற்றதாயிருந்தது. குறி தவறாத கருவிதான். ஆயினும் நெடுநேரம் சுட ஏலாத குறை அதனைத் தொடர்ந்தது. பின்னர் பட்டியால் ஊட்டப்படும் பெல்சியத் துப்பாக்கியை வாங்க நேர்ந்தது. மாறாக, அமெரிக்க மரைன் படையோ 2010 அளவிலே பட்டித் துப்பாக்கியின் இடத்துக்கு இலேசான தன்னியக்கத் துப்பாக்கி ஒன்றைக் கொண்டுவந்தது. இலேசா, நீடித்த சூடா என்னும் பழைய வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

ஈற்றில் ஒன்றைச் சொல்லி அமைகின்றேன். பிரென்னைப் பெற்றெடுத்த பேர்ணோ நகரின் கதி என்னவாயிற்று? 1938 இல் மியூனிக் நகரிலே வல்லரசுகள் கூடிச் செக்கோசிலவாக்கியாவின் எல்லைப் பகுதிகளை ஹிற்லருக்கு விட்டுக்கொடுத்தன. விட்டுக்கொடுத்தோருள் அத்துப்பாக்கியின் உரிமையைப் பெற்ற பிரித்தானியாவும் ஒன்று. 1939 மார்ச்சு மாதத்தில் ஜேர்மனியப் படை பேர்ணோவினுள்ளே நுழைந்தது. உலகின் மிகச் சிறந்த இலகு இயந்திரத் துப்பாக்கியைச் செய்த தொழிற்சாலை, தன்னை வகுத்தோரின் பகைவனுக்கே உழைக்கலாயிற்று.

ஆயுதத்தைத் தேர்ந்தெடுப்போர் ஆராயத்தக்க வினாக்கள் பல உள: நிறை, வேகம், குழல், ரவை, சேறு, செலவு. இவை அனைத்துக்கும் செம்மையான விடை கண்டவர் பேர்ணோ வல்லுநர். ஆயின் அத்துப்பாக்கியை எவர் கையில், எதற்காக, எப்பொழுது கொடுப்பது என்னும் வினாவுக்கு எந்தச் சோதனைக் களமும் விடை தராது. கருவி தன்னைப் பிடித்திருப்பவன் யாரென அறியாது; எதிரே நிற்பவன் யாரெனவும் அறியாது. அதை அறியவேண்டியவர் நாமே. கையொப்பமிடும் மேசையருகே இருப்போர், சேற்றுக் குழியிலே படுத்திருக்கும் அந்த இருபது வயது இளைஞனை நினைப்பது நன்று. துப்பாக்கியின் மறுமுனையிலும் அதே வயது இளைஞன் ஒருவன் இருப்பான் என்பதையும் சேர்த்து நினைப்பாராயின், அது இன்னும் நன்று.